வேலியோரத்துப் பலா

“காய்க்கிற பலாவ வெட்ட உங்களுக்கு எப்படிங்க கை வந்துது?”

பழமண்டி சாதுல்லாவின் குரல் தோப்பெங்கும் ஒலித்தது.

கள்ளக்குறிச்சிக் கடைவீதிக் குடும்பங்கள் வேன் அமர்த்திக்கொண்டு, கல்வராயன் மலையடிவாரத் தோட்டங்களைக் கண்டு களிக்க வந்த நாள் அது. மாவும் முந்திரியும் பலாவும் செழித்த நாராயணசாமியின் தோப்பைக் கண்டு வியக்காதவர் இல்லை. சாதுல்லாவும் இவ்வாண்டு மகசூல் முழுவதையும் தாமே வாங்குவதென்ற எண்ணத்தோடுதான் உள்ளே நுழைந்தார். வேலியோரத்தில் அந்த அடிக்கட்டையைக் காணும் வரை.

“இடஒதுக்கீட்டு மறியலப்போ வெட்டினதுங்க” என்றார் நாராயணசாமி.

“அப்ப ரோட்ல கெடந்தது உங்க மரந்தானா? அன்னிக்கு என் லோடு இங்க மாட்டிக்கினு மொத்தமா அழுகிப்போச்சு!”

“மண்டிக்காரரே, பழம் வாங்க வந்துட்டு அடிக்கட்டையோட இன்னாத்துக்குச் சண்டை?” என்று தையற்கடை சர்புதீன் சிரித்தார்.

சாதுல்லா சிரிக்கவில்லை. “புள்ள மாதிரி வளத்த மரத்த வெட்டினவராண்ட எனக்கு வியாபாரம் வாணாம்.”

நாராயணசாமி தலைகுனிந்தார். “வேற யாரும் கேட்டு வரலீங்க. நீங்களும் கைவுட்டா அத்தனையும் மண்ணோட பூடும்.”

“பூடட்டும்!”

வேன் புறப்பட்டது. சாலையின் எதிர்ப்புறம் புளியமர நிழலில் ஒரு குடிசை. புளி வாங்க வேண்டுமென்று சாதுல்லாவின் மனைவி மெஹ்ராஜ் பேகம் வண்டியை நிறுத்தச் செய்தார். குடிசை வாசலில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள் ஆயம்மாள், துணையற்றவள்.

“இன்னாங்க, தோப்புல அவ்ளோ சத்தம்?”

“காய்ச்ச மரத்த வெட்டி ரோட்ல போட்டாரே, அந்தப் புண்ணியவானத்தான் கேட்டுக்கினு இருந்தேன்” என்றார் சாதுல்லா.

ஆயம்மாள் எழுந்து நின்றாள்.

“கோடாலியோட பசங்க மொதல்ல வந்தது இந்தப் புளியமரத்தாண்டதாங்க. நான் பயந்துக்கினு வூட்டுக்குள்ள கெடந்தேன். அவரு ஓடியாந்தாரு. ‘இது போனா அந்தம்மாவுக்குச் சோறு ஏதுடா? மரந்தான வேணும், என் பலாவ வெட்டிக்குங்க’ன்னு இட்டுக்கினு போனாரு. உள்ள இருந்து இதெல்லாம் என் காதுல வுழுந்தது அவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க. மனுசன் கூசிப்பூடுவாரு.”

சாதுல்லா வண்டியில் ஏறவில்லை. சாலையைக் கடந்து தோப்பை நோக்கி நடந்தார்.

நாராயணசாமி படலைத் திறந்தார். “எதனா மறந்து வெச்சிட்டீங்களா?”

“ஆமாங்க” என்றார் சாதுல்லா. “விலை பேச மறந்துட்டேன்.”