சொந்த உதாரணம்

சரித்திர வாத்தியார் வாசல் கதவைத் தாழிட்டார். ஜன்னல்களைச் சாத்தினார். வந்திருந்த இளைஞனின் சட்டைப்பையில் கைவிட்டுத் துழாவி, பிட் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் அவனை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

அவன் வாசலில் நின்று சொன்னது ஒரே வாக்கியம்: “உங்க பொண்ணு கல்யாண விஷயமா வந்திருக்கேன் சார்.”

மகள் யாரையோ விரும்புகிறாள் என்பது வாத்தியாருக்குத் தெரியும். ஆளைப் பார்த்ததில்லை, பார்க்கவும் மறுத்திருந்தார். விஷயம் காதுக்கு எட்டிய நாளிலிருந்து அவளை வேலைக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் அவரேதான். கடைசியில் மகள் அழுத அழுகைக்கு ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். இரண்டாம் உலகப் போர் பாடத்தின் கலைச்சொற்களை ஒன்று விடாமல் சொல்பவனுக்குத்தான் பெண். ஒன்று தவறினாலும் அந்தப் பேச்சு இனி வீட்டில் எழக்கூடாது.

பத்திரமான நிபந்தனை. அவர் பரீட்சையில் இதுவரை ஒருவரும் முழு மார்க் வாங்கியதில்லை. வாங்கவிருந்த ஒருவன் சந்தோஷத்தில் மயங்கி விழுந்து கடைசிக் கேள்வியைக் கோட்டை விட்டதாகப் பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு.

பரீட்சை என்றால் அவருக்குப் பெற்ற மகளும் ஒன்றுதான், ஊரான் பிள்ளையும் ஒன்றுதான். “நீ இங்க நின்னா கண்ணாலயே விடை சொல்லிடுவ. உங்கம்மா உனக்கு மேல. பரீட்சை முடியற வரைக்கும் ரெண்டு பேரும் வீட்டுப் பக்கமே வரக்கூடாது” என்று முதலிலேயே வெளியே அனுப்பிவிட்டார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். அவர் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

வாத்தியாரின் முறை தனி. அர்த்தம் சொன்னால் பாதி மார்க். சொந்த வாழ்க்கையிலிருந்து உதாரணம் சொன்னால்தான் மீதி. புத்தக உதாரணம் செல்லாது.

“நடுநிலை?”

“சண்டையில எந்தப் பக்கமும் சேராம இருக்கிறது.”

“சொந்த உதாரணம்?”

“எங்கம்மாவும் மருமகளும் பேசிக்கும்போது நான், சார்.”

பையனுக்கு ஓர் அண்ணன் இருக்கிறான் போலும் என்று வாத்தியார் எண்ணிக்கொண்டார். உதாரணத்தில் பழுதில்லை. மனசில்லாமல் மார்க் போட்டார்.

மின்னல் போருக்கு, வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வாடகையை ஏற்றியதைச் சொன்னான். முற்றுகைக்கு, தான் குளியலறையில் இருக்கும்போது வெளியே குடும்பமே வாளியோடு நிற்பதைச் சொன்னான். சடசடவென்று சொல்லிவிடவுமில்லை. தண்ணீர் கேட்டான், விட்டத்தைப் பார்த்தான், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கச் சொன்னான். தவறிவிடுவான் என்று வாத்தியார் ஆவலாக நாற்காலி நுனிக்கு வரும்போதெல்லாம் சரியான விடை வந்து விழுந்தது.

“விட்டுக்கொடுத்துச் சமாதானப்படுத்தும் கொள்கை?”

“கேக்குறதக் கொடுத்துட்டா எதிரி அடங்கிடுவான்னு நம்புறது.”

“சொந்த உதாரணம்?”

“இந்தப் பரீட்சைக்கு ஒத்துக்கிட்டது, சார்.”

வாத்தியாருக்கு வியர்த்தது. அந்த வியர்வையில் ஒரு போர்க்கப்பலையே மிதக்க விட்டிருக்கலாம். பாக்கி இருப்பது ஒரு கேள்வி. இதிலும் இவன் தேறிவிட்டால் பெண் கைவிட்டுப் போய்விடுவாள். கொடுத்த வாக்கை மீறுகிற ஆளும் அவர் இல்லை. பாடத்தின் கடைசிப் பக்கத்தில், ஒரு படத்துக்கு அடியில், யாரும் படிக்காத பொடி எழுத்தில் இருக்கும் சொல்லைத் தேடி எடுத்தார்.

“திசைதிருப்பும் தாக்குதல்?”

வாத்தியார் முதலிலேயே வாங்கி மேஜைமேல் வைத்திருந்த அவன் கைபேசி ஒருமுறை மினுங்கி அணைந்தது. அதை ஓரக்கண்ணால் பார்த்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்தத் தடவை தண்ணீர் கேட்கவில்லை.

“பொய்ப் படையை ஒரு கரையில நிறுத்தி எதிரிய அங்கேயே கட்டிப் போட்டுட்டு, நெஜப் படைய வேற கரையில இறக்குறது, சார்.”

வாத்தியார் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினார். இன்னும் பாதி மார்க் இருக்கிறது. இந்தச் சொல்லுக்குச் சொந்த உதாரணம் வைத்திருக்கிற மனுஷன் உலகத்திலேயே கிடையாது.

“சொந்த உதாரணம்?”

“நான்தான் சார்; மாப்பிள்ளை பதிவு அலுவலகத்துல இருக்காரு, உங்க வீட்டம்மா இப்பதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாங்களாம்.”