திசைப் பொத்தான்

பெண்களுக்குத் திசை பிடிபடுவதில்லை என்று சொல்லி, ரேஷன் கடையில் அவர்களுக்கு மட்டும் காதில் ஒட்டினால் வழி சொல்லும் திசைப் பொத்தான் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தங்கப்பாண்டிக்கு வயிறு எரிந்தது. மதுரையில் இருபது வருஷம் ஆட்டோ ஓட்டியவன் அவன். இப்போது மனைவி முத்துச்செல்வி பின்சீட்டில் உட்கார்ந்து, காதோரப் பொத்தானைத் தொட்டபடி வழி சொல்கிறாள்.

"இந்தச் சந்துல வடக்க திரும்புங்க. நேராப் போனா ரயில்வே கேட்டு அடச்சிருக்கும்."

வீம்புக்கு நேராகப் போனான். கேட் அடைத்துத்தான் கிடந்தது. ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களும் அவளிடமே வழி கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போனதும் பொத்தானை எடுத்துத் தன் காதில் ஒட்டிக்கொண்டான். ஒரு சத்தமும் இல்லை. ஆம்பளைக்குப் பேசாதோ என்று கறுவிக்கொண்டே திருப்பிப் பார்த்தான். பேட்டரிக்கு அடியில், முதல் நாளே உருவி எறிய வேண்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டே முத்துச்செல்வி வந்து நின்றாள்.

"இத நீ ஆன் பண்ணவே இல்லையா?"

"இல்லைங்க."

"அப்ப வழியெல்லாம்?"

"கல்யாணம் ஆன நாள்லருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். பொத்தான் சொல்லுதுன்னு நெனச்ச பெறகுதான் உங்க காதுல விழுந்துச்சு."