அப்பாவுக்கு முன்னால் ஒரு புதர்

"இது என்ன, சாப்பாட்டு மேஜையா, தோட்டமா?"

பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே அக்கா கேட்டுவிட்டாள். வெளியூரில் குடித்தனம். விடுமுறைக்கு விடுமுறை தம்பி வீட்டுக்கு வருவாள். வந்ததும் முதலில் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பாள், அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவாள். அதனால் குடும்பத்தில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பேர்.

"எல்லாம் வீட்டுல கிடந்ததுதான் அக்கா," என்றாள் தம்பி மனைவி. தரையில் உட்கார்ந்து முட்டை அட்டையைப் பூப்பூவாக வெட்டிக்கொண்டிருந்தாள். மதியம் தம்பியின் மேனேஜர், தன் மனைவியோடு விடுமுறை விருந்துக்கு வருகிறார்.

கழுவிய ஜாம் பாட்டில்கள். தெருவில் பொறுக்கிய காய்ந்த குச்சிகள், அவற்றின் மேல் சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயிண்ட். ஆரஞ்சுத் தோல் சுருள் சுருளாக நூலில் தொங்கியது. பைசா செலவில்லாமல் மேஜை பளிச்சென்றுதான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் இன்ஸ்பெக்டர் உத்தியோகம் என்னாவது?

அவள் கண்ணில் பட்டது வேறு. மற்ற இடங்களில் ஒரு பாட்டில், இரண்டு பூ, அவ்வளவுதான். ஓரத்து நாற்காலிக்கு முன்னால் மட்டும் குச்சியும் இலையும் பூவுமாக ஒரு புதரே நின்றது.

"அங்க யார் உட்காரப் போறாங்க?"

"மாமா."

"அப்பா இப்பல்லாம் ரூம்லயே சாப்பிட்டுக்குறார்" என்று தம்பி போனில் சொன்னபோதே அக்காவுக்குச் சுருக்கென்றிருந்தது. நேராக அப்பாவின் அறைக்குப் போனாள்.

அப்பா நாற்காலியில் இருந்தார். மடியில் ஒரு துண்டு, வலது கை அதற்கடியில்.

"ஏம்ப்பா தனியா சாப்பிடுறீங்க? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. பிரயாணம் எப்படி இருந்துச்சு?"

பேச்சை மாற்றுகிறார். அப்படியென்றால் விஷயம் இருக்கிறது.

அவள் வெளியே வந்தபோது, தம்பி மனைவி ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து, கண்ணை இடுக்கி, அப்பாவின் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் உட்காரப்போகும் நாற்காலியிலிருந்து கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் புதரில் இன்னொரு குச்சியைச் செருகினாள்.

அக்காவுக்குப் பகீரென்றது. மாமனார் யார் கண்ணிலும் படக் கூடாதென்று அளவெடுத்து மறைக்கிறாளா?

தம்பியைச் சமையலறைக்குள் இழுத்தாள். "டேய், உன் பொண்டாட்டி அப்பாவை மறைக்கிறாடா."

"அக்கா, அவங்க வர்ற நேரம். இப்ப ஆரம்பிக்காத."

"நல்ல சட்டையைப் போட்டுட்டு உட்கார்ந்தா அவர் யாருக்குடா குறைச்சல்? எத்தனை நாளா இந்தக் கூத்து நடக்குது?"

தம்பி எதையோ சொல்ல வந்தான். அப்பாவின் அறைப் பக்கம் பார்த்தான். "நான் அந்தப் பேச்சுக்கே வரல," என்று நழுவிவிட்டான்.

அக்கா புதரைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அது பழைய இடத்துக்கு வந்திருந்தது. மறுபடியும் தூக்கி வைத்தாள். மறுபடியும் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒன்றும் நடக்காதது மாதிரி அவரவர் வேலையைப் பார்த்தார்கள். புதர் மட்டும் போய்ப் போய் வந்தது.

அழைப்பு மணி அடித்தது.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து புதருக்குப் பின்னால் அமர்ந்தார். எதிரே இருந்த அக்காவுக்கு அவருடைய நெற்றியும் மூக்குக் கண்ணாடியும்தான் தெரிந்தன. அவர் ஏதோ பழைய ஆபீஸ் கதை சொல்ல, மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவுக்கோ பெற்ற அப்பாவை இலை தழை வழியாகப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாளாகப் போனில் மட்டும் நலம் விசாரித்துக்கொண்டிருந்த தன் மேலும் கோபம் வந்தது.

"இந்தப் பூவெல்லாம் எப்படிம்மா செய்யறது?" என்று மேனேஜரின் மனைவி கேட்டாள். தம்பி மனைவி ஒரு பூவைக் கையில் எடுத்து விளக்க ஆரம்பித்தாள். எல்லோர் பார்வையும் அங்கே திரும்பியது.

இதுதான் சமயம். அக்கா எழுந்தாள். பரிமாறப் போகிறவள் மாதிரி மேஜையைச் சுற்றி அப்பாவிடம் வந்தாள். வந்தது வரட்டும் என்று புதரைப் பிடித்து நகர்த்தப் போனாள்.

அப்போதுதான் பார்த்தாள்.

அப்பாவின் வலது கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. கரண்டியில் எடுத்த சூப்பில் பாதிதான் வாய்க்குப் போயிற்று. மீதி கிண்ணத்தைச் சுற்றிச் சிந்தியது. அவர் இடத்தில் மட்டும் தடிமனான ஒரு துணி மடித்து விரித்திருந்தது. ஈரம் அதிலேயே ஊறிக்கொண்டிருந்தது.

அப்பா இடது கையால் புதர் நின்ற பாட்டிலின் கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காதம்மா," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "உன் தம்பி பொண்டாட்டி இதை வச்ச தைரியத்துலதான் ரூமை விட்டு வந்து உங்களோட உட்கார்ந்திருக்கேன்."