பச்சைப் பட்டனில் ஒரு தீக்குச்சி

அவன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஓடாமல் கிடந்த துடுப்புச் சக்கரத்துக்குள் கையை விட்ட பிறகுதான் அவளுக்கு அந்தத் தீக்குச்சி ஞாபகம் வந்தது.



இறால் குளத்தில் எட்டுச் சக்கரங்கள். அவை தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் இறால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். காக்கை வராமலிருக்க மேலே கட்டிய நைலான் நரம்பு ஒன்று அறுந்து, காலையிலிருந்து ஐந்தாவது சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சுமை கூடி மோட்டார் சூடாகும். கருகுவதற்குள், கரையிலிருக்கும் சுவிட்ச் பெட்டிக்குள் உள்ள ரிலே அதை நிறுத்திவிடும்.

ரிலே நல்ல ரிலேதான். மனிதர்கள்தான் அதைச் சும்மா விடவில்லை.

ஆறியதும் தானே பழைய நிலைக்கு வந்து மின்சாரத்தை விடும்படி அதைத் திருகி வைத்தது அவன். அதனால் மோசமில்லை. அப்போதும் யாராவது பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் மோட்டார் ஓடும்.

அமுக்கி அமுக்கி அலுத்துப்போய், பட்டன் உள்ளேயே நிற்கும்படி இடுக்கில் தீக்குச்சியைச் செருகியது அவள். காலையில் இரண்டு முறை மோட்டார் தானே நின்று, ஆறி, தானே ஓடியது. தன் கெட்டிக்காரத்தனத்தை அவளே மெச்சிக்கொண்டாள்.

அவனிடம் சொல்லவில்லை. வேதாரண்யம் போய்த் திரும்பியவன், சக்கரம் நிற்பதைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே இறங்கிவிட்டான்.

கூப்பிட்டாள். மற்ற ஏழு சக்கரங்களின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஓடினாள்.

மோட்டார் நின்று எவ்வளவு நேரமாயிற்று? மூன்று நிமிடமா, நாலா? காலையில் அது ஆறுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். சொன்னவர்கள் யாரும் இந்த வழுக்குக் கரையில் ஓடியிருக்க மாட்டார்கள்.

திரும்பிப் பார்த்தாள். அவன் குனிந்து, கையைத் தோள்வரை உள்ளே விட்டு நரம்பை அறுத்துக்கொண்டிருந்தான்.

பெட்டியைத் திறந்து குச்சியை இழுத்தாள். நகத்தளவு கையோடு வந்தது. மீதி உள்ளே தங்கிவிட்டது. பட்டன் அமுங்கியபடியே இருந்தது.

சிவப்புப் பட்டனை அமுக்கிப் பிடிக்கலாம். விரல் ஒரு நொடி நழுவினால் போதும், சக்கரம் சுற்றிவிடும்.

மெயின் ஸ்விட்ச் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக் கீழே இழுத்தாள்.

ஏழு சக்கரங்களும் தளர்ந்து நின்றன. அப்படியோர் அமைதியை அந்தக் குளத்தில் அவள் கேட்டதில்லை.

பெட்டிக்குள் 'டக்' என்று சன்னமாக ஒரு சத்தம். ரிலே ஆறிவிட்டது.

"யாரு மெயினை எறக்குனது? அத்தன எறாலும் செத்துப் போயிரும்டி."

கோபம் வந்தால் அவனுக்கு வாயால் மட்டும் திட்டத் தெரியாது. தண்ணீரில் நிமிர்ந்து நின்று, கைகளை வீசி வீசித் திட்டினான்.

அவள் மெயினை ஏற்றவில்லை. திட்டட்டும் என்று, அந்த இரண்டு கைகளையும் பார்த்தபடி நின்றாள்.