ஆறாவது பாட்டு

கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டுதான் அவர் அதைச் சொன்னார்.

"எல்லாம் நல்லா வந்திருக்குடா. ஆறாவது பாட்டுலதான் ஒண்ணுமே இல்ல."

கத்தி சலூன்காரருடையது. கழுத்து லிஃப்ட் மெக்கானிக்குடையது. இருபத்திரண்டு வருட நட்பில் அந்தக் கழுத்தில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சலூன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான்கு பேர் கூடுவார்கள்: இவர்கள் இருவர், ஒரு பல் டாக்டர், ஒரு கணக்கு டீச்சர். சங்கத்துக்குச் 'செவிச்செல்வம்' என்று பெயர். அந்த வாரம் கேட்டு ரசித்த ஆல்பம் ஒன்றைப் பற்றி ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். அங்கே பாட்டு மட்டும் போடக் கூடாது. போட்டால் பேச முடியாது என்று முதல் நாளே தீர்மானம் நிறைவேற்றியிருந்தார்கள்.

இந்த வாரம் மற்ற மூவரும் ஒரே ஆல்பத்தோடு வந்திருந்தார்கள். மெக்கானிக்கே எழுதி, மெட்டுப் போட்டு, பாடி, இரண்டு வாரத்துக்கு முன் ஸ்டுடியோ மூலமாக இணையத்தில் வெளியிட்ட ஆல்பம். எட்டுப் பாட்டு. எல்லாம் லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து மூன்று வருடமாக முணுமுணுத்தவை.

இவர்களுக்குப் பிடித்தால் அடுத்த ஆல்பம், இல்லையென்றால் ஆர்மோனியம் பரணுக்கு என்று மெக்கானிக் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். மனைவி பரணைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்.

ஆறாவது பாட்டின் பெயர் 'கதவு மூடுகிறது'. மெக்கானிக்கின் அண்ணன் இறந்த வாரத்தில் எழுதியது. மற்ற ஏழு பாட்டையும் அதற்குத் துணைக்குத்தான் சேர்த்தார் என்று சொல்ல வேண்டும்.

"ஒண்ணுமே இல்லையா?" என்றார் மெக்கானிக், தாடையை அசைக்காமல்.

"நாலு தடவை கேட்டுப் பார்த்துட்டேன்டா. முதல்லேருந்து கடைசி வரைக்கும் அப்படித்தான் போகுது. வேணும்னேதான் அப்படி விட்டியோன்னுகூட யோசிச்சேன்."

மெக்கானிக்கின் முகம், சோப்பு நுரை போக மிச்சமிருந்த இடத்தில், சிவந்தது. காத்திருக்கும் பெஞ்சிலிருந்து பல் டாக்டர் எழுந்தார். தனக்கு எட்டிலும் அந்த ஆறாவதுதான் உயிர் என்றார். அந்தக் கதவு மூடுகிற இடத்தில் கண் கலங்கி, ஒரு நோயாளியை வாயைத் திறந்தபடியே பத்து நிமிடம் காக்கவைத்துவிட்டாராம்.

கணக்கு டீச்சரும் விடவில்லை. விடைத்தாள் திருத்தும்போது அந்தப் பாட்டைக் கேட்டு மனம் இளகி, வகுப்புக்கே ஆளுக்கு இரண்டு மதிப்பெண் கூட்டிப் போட்டதாகச் சொன்னார்.

"ஆழமான பாட்டுங்க அது," என்றார் டாக்டர், சலூன்காரரைப் பார்த்து. "கேக்கறதுக்குன்னு தனியா ஒரு காது வேணும்."

சலூன்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தியைத் துண்டில் துடைத்தார். பிறகு சுண்டுவிரலை விட்டுத் தன் காதை ஒருமுறை குடைந்துகொண்டார்.

அந்தக் குடைச்சல்தான் மெக்கானிக்குக் கடைசி அடியாக விழுந்தது. பாதி சவரத்தில் எழுந்தார்.

"எங்க அண்ணன் பாட்டுடா அது. தெரியாதவன் சொன்னா துடைச்சுப் போட்டுட்டுப் போயிடுவேன். அவரைத் தூக்கிட்டுப் போனப்ப என்கூடத் தோள் கொடுத்தவன் நீ."

"டேய், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். உனக்குப் பொறாமை. இத்தனை வருஷமா என்னைப் பாடு பாடுன்னு சொன்னதெல்லாம், நான் பாட மாட்டேன்கிற தைரியத்துல."

வலது கன்னம் மழமழவென்றும் இடது கன்னம் நுரையுமாக மெக்கானிக் குனிந்து ஷட்டருக்கு வெளியே வந்தார். போர்த்தியிருந்த துணி கழுத்தில் கட்டியபடியே வந்துவிட்டது. தெருமுனைவரை அது பின்னால் பறந்தது.

வீட்டுக்குப் போய் முதல் வேலையாக 'செவிச்செல்வம்' வாட்ஸ்அப் குழுவிலிருந்து சலூன்காரரை நீக்கினார். டாக்டர் கைதட்டும் படம் அனுப்பினார். டீச்சர், நல்ல ரசிகர்கள் நாலு பேர் என்பது மூன்று பேர் ஆனாலும் விடை சரிதான் என்று ஆறுதல் எழுதினார். ஆறாவது பாட்டைத் திரும்பவும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறாராம்.

தன் குரலைத் தானே கேட்கக் கூச்சப்பட்டு, வெளியான நாளிலிருந்து மெக்கானிக் அந்த ஆல்பத்தின் பக்கமே போகவில்லை. ஆனால் எங்கோ ஒரு டீச்சர் தன் அண்ணனுக்காக உட்கார்ந்து கேட்கிறார். கூடப் பிறக்காத பிறவிகள் இவர்கள். கூடவே இருந்தவன்தான் கழுத்தை அறுத்துவிட்டான்.

பரண் இப்போதைக்குத் தேவையில்லை என்று மனைவியிடம் அறிவித்தார். அடுத்த ஆல்பத்துக்கு நாள் குறிக்க அப்போதே ஸ்டுடியோவுக்குப் போன் போட்டார்.

போனை எடுத்த சவுண்ட் இன்ஜினியர் வாழ்த்துச் சொல்லவில்லை. தானே கூப்பிடலாம் என்றுதான் இருந்ததாக இழுத்து, இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, திட்டாதீங்க... அந்த ஆறாவது பாட்டு நெட்ல சரியா ஏறல, ரெண்டு வாரமா நாலரை நிமிஷமும் சத்தமே இல்லாமத்தான் ஓடிட்டிருக்கு."