சொம்புத் தண்ணீர்

இந்தக் காலத்தில் எவன் பொருளைக் கண்ணெதிரே பிரிக்கிறான்? வாங்கிக்கொண்டு உள்ளே போகிறான், கண்ணாடிக் கதவைச் சாத்துகிறான், நல்லதைக் கழற்றிவிட்டுச் சொத்தையை மாட்டித் திருப்பித் தருகிறான். கேட்டால் சிரிக்கிறான்.

அதனால் ஆத்தப்பன் லேப்டாப்பைக் கையிலிருந்து விடவில்லை.

"இங்கயே, என்ற கண்ணு முன்னாடியே பிரி. உள்ளார கொண்டுபோற சோலியெல்லாம் வேண்டாம்."

கடைக்காரன் ஜெபக்குமார் தெற்கத்திக்காரன். திருப்பூருக்கு வந்து பத்து வருஷமாகியும் பேச்சு மாறவில்லை.

"சரிய்யா, உக்காருங்க. நீங்க நின்னுக்கிட்டே இருந்தா சீக்கிரம் சரியாயிருமாக்கும்?"

ஆத்தப்பன் உட்காரவில்லை. மேசைக்கும் வாசலுக்குமாக நடந்தார். பனியன் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று ரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. அதன் டிரைவரையும் ஒரு பாட்டம் திட்டினார்.

லேப்டாப் அவர் மகள் சித்ரகலாவுடையது. குழந்தைகள் பனியனில் அச்சடிக்கிற படங்களை அதில்தான் வரைவாள். கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பிடித்த முதல் ஆர்டர். நாற்பது படம், மூன்று மாத உழைப்பு. திங்கட்கிழமை காட்ட வேண்டும். இன்று சனி.

படங்களுக்கு வேறெங்கும் நகல் கிடையாது.

நேற்றுக் காலை அவள் கை பட்டுச் சொம்பு லேப்டாப்பின்மேல் சாய்ந்துவிட்டது.

ஜெபக்குமார் ஸ்க்ரூக்களைக் கழற்றி வரிசையாக வைத்தான். ஆத்தப்பன் நடையை நிறுத்திவிட்டு அவன் விரல்களையே பார்த்தார். அடிமூடி திறந்தது. அவன் விளக்கைக் கிட்டே இழுத்தான்.

"தண்ணிதான பட்டுச்சுன்னிய?"

"தண்ணியேதான்."

"உங்க வீட்டுச் சொம்புத் தண்ணி நீலமாவா இருக்கும்?"

உள்ளே ஒரு ஓரம் முழுக்கக் கருநீலக் கறை. காற்றாடிக்குள் நூல் பிசிறு சுற்றிக்கொண்டிருந்தது.

"மேல விழுந்த தண்ணி கீபோர்டோட நின்னிருக்கும்யா. கவுத்துப் போட்டு ரெண்டு நாள் தொடாம இருந்தா தானாக் காஞ்சிருக்கும். இதை என்னமோ கயித்துல கட்டிச் சுத்துன மாதிரில்லா இருக்கு!"

"உன்ற வேலையைப் பாரு."

சட்டைப் பையில் போன் அடித்தது. சித்ரகலா.

"ஏனுங்கப்பா, என்ன சொல்றாங்க? எல்லாம் என்னாலதானுங்க. அந்தச் சொம்பை அங்க கொண்டுபோயி வெச்சனே."

"சாப்ட்டயா?"

"இல்லீங்."

"போயிச் சாப்புடு கண்ணு. பாத்துட்டிருக்கறாங்க."

ஜெபக்குமார் படங்கள் பதிந்திருக்கிற டிஸ்க்கைத் தனியே எடுத்து வேறொரு ஒயரில் மாட்டிக் காதோடு வைத்துக் கேட்டான். டிக், டிக், டிக்.

"உள்ள, பதிஞ்சதைப் படிக்கிற முள்ளு தட்டுது. நான் தொட்டா இருக்கதும் போயிரும். சென்னையில ஒருத்தர் இதுலயே ஊறுனவரு. இன்னைக்குப் பஸ்ஸுல போட்டுவிட்டா நாளைக்கே படம் பூராம் கிடைச்சாலும் கிடைச்சிரும்."

ஆத்தப்பன் முதல்முறையாக மேசையில் கை ஊன்றினார்.

"அப்ப அனுப்பு."

"அனுப்புதேன். ஆனா என்ன செஞ்சீங்கன்னு உள்ளதைச் சொல்லணும். அதைப் பாத்துத்தான் எப்படித் திறக்கதுன்னு அவரு முடிவு பண்ணுவாரு. மாத்திச் சொன்னா திறக்கும்போதே அழிஞ்சிரும்." அவன் ஒரு தாளை எடுத்துவைத்தான். "இதுல எழுதிருவேன். பொருள் உங்க மகளோடது, அதனால அவங்க போனுக்கும் ஒரு காப்பி போகும்."

பேனா மூடியைத் திறந்து காத்திருந்தான்.

சித்ரகலா எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தாள். யாரையோ கேட்டு, உடனே அணைத்து, துண்டின்மேல் கவிழ்த்துவைத்து, ஃபேனைப் போட்டுவிட்டு, "தொட்டுறாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு, ஆர்டர் கொடுத்த கம்பெனியில் அவகாசம் கேட்கப் போனாள்.

அவள் போன பிறகு அவர் பார்த்தார். ஒரு சொட்டு வடிந்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு சொட்டு. இப்படி வடிந்து எந்தக் காலத்தில் காய்வது?

அவர் சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் ஹைட்ரோ ஓட்டியவர். சாயத்திலிருந்து எடுத்த ஈரத் துணியைச் சுழற்றிப் பிழிகிற இரும்புத் தொட்டி அது. சொட்டச் சொட்டப் போகிற துணி, வெளியே வரும்போது உதறினால் ஒரு துளி தெறிக்காது. லேப்டாப்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பழைய பட்டறைக்குப் போனார். சாப்பாட்டு நேரம், ஆள் இல்லை. ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தால் தொட்டி ஆடும் என்று, பக்கத்தில் கிடந்த நேவி புளூ துணியைச் சுற்றிலும் பக்குவமாக அடைத்தார்.

இரண்டே நிமிஷம்.

அவள் வருவதற்குள் அதே துண்டில் அதேபோலக் கவிழ்த்தும் வைத்துவிட்டார். இன்று காலை லேப்டாப் உயிர் பெறவில்லை என்றதும் சித்ரகலா தன் கையைத்தான் சுவரில் அடித்துக்கொண்டாள்.

"எழுதட்டுமாய்யா?"

"தண்ணி பட்டுச்சுன்னு எழுது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அதை மட்டும் எழுதி அனுப்பினா, உங்க மக படத்தை நாமளே அழிச்ச மாதிரிய்யா."

ஆத்தப்பன் தாளைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். வாய் திறந்தது. பிறகு டிஸ்க்கையும் ஸ்க்ரூக்களையும் ஒரு கையால் வழித்துப் பையில் போட்டு, லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லோணும். கேள்வி மட்டும் போலீஸ்காரனாட்டக் கேக்கற."

ஜெபக்குமார் பின்னாலேயே வாசல் வரை வந்தான். "ஐயா, பஸ் அஞ்சு மணிக்குய்யா!"

அவர் திரும்பவில்லை.

காலையிலிருந்து இது மூன்றாவது கடை. மூன்று பேரும் அதே நீலத்தைக் காட்டினார்கள், மூன்று பேரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். போன் போட்டுப் பேசி வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். இரண்டு நிமிஷம் சுற்றினால் என்ன ஆகிவிடும்? கெட்டுப்போகிறதாம்!

அவிநாசி ரோட்டில் இன்னொரு கடை இருப்பதாகச் சொன்னார்கள். ஆத்தப்பன் வேகமாக நடந்தார்.