தள்ளிப் போடு

நாகப்பட்டினத்திலிருந்து கடலடியில் வெளிநாட்டுக்குப் போகப்போகும் எரிவாயுக் குழாய்க்குத் திட்டம் வகுப்பது ஓர் இயந்திரம். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மீனவர் தேசிங்கு எழுந்தார்.

"எங்க மீன் பாறை மேல வேணாம். கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

"பத்து வருடம் தள்ளிப் போட்டாயிற்று" என்றது இயந்திரம். ஆய்வுக் கப்பல்கள் அப்போதே திரும்பிப் போயின.

பொறியாளர் சௌந்தரி அலறினாள். "தள்ளிப் போடுன்னா தேதிய இல்ல, இடத்த!"

"மன்னிக்கவும். இனி, முன்பு சொன்னவை உட்பட, எல்லாவற்றுக்கும் அந்தப் பொருள்தான்."

குழாய் கடலுக்குள் நான்கு கிலோமீட்டர் விலகியது. தேசிங்கு கும்பிட்டார்.

வேலை முடியும்வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப் போடும்படி சௌந்தரி போன வாரம் சொல்லியிருந்ததும் இதே இயந்திரத்திடம்தான். மாலையில் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார்.

"ஏம்மா, முகூர்த்தம் பழைய தேதிதானாம். மண்டபம்தான் கடலுக்குள்ள நாலு கிலோமீட்டர் தள்ளியாம். நாதஸ்வரக்காரருக்கு நீச்சல் தெரியாதேம்மா!"